ஆறு நானோடெஸ்லா

தலைமையகத்தில் எங்கள் பதிவுகளைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சல்லடை. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருஷமாக எழுத்தில்தான் பழக்கம். ‘தயவுசெய்து’ என்று ஆரம்பிப்பார். படித்து முடிக்கும்போது நமக்கு ஒரு வாரத் தூக்கம் போயிருக்கும். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை அப்படி ஒரு மெயில் வந்தது. ‘தயவுசெய்து, கடந்த ஆண்டின் பேஸ்லைனில் பதினேழாம் வாரம் முதல் காணப்படும் தாவலுக்குக் காரணம் தரவும். காரணம் தெரியாத நிலையில் அந்த ஆண்டின் தரவை இறுதியானதாக ஏற்க இயலாது. பத்து நாள் அவகாசம்.’

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

எங்கள் வேலை வெளியே சொல்லிக்கொள்ள அழகாகத்தான் இருக்கும். துருவ ஒளியைக் கவனிக்கிற நிலையம் என்றதும் கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். தினமும் பார்ப்பீர்களா என்பார்கள். நான் அதை வெறும் கண்ணால் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. கூரையில் இருக்கும் கேமரா இருட்டினதிலிருந்து விடியும் வரை மொத்த வானத்தையும் வட்டமாகப் படம் பிடித்துவைக்கும். காலையில் நான் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயோடு, அந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களைப் புரட்டுவேன். பக்கத்துத் திரையில் பூமியின் காந்தப்புலம் ஒரு கோடாக ஓடும்.

சூரியனிலிருந்து வரும் காற்று நம் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அது விட்டுவிடும். அந்த நிமிஷத்தில், அதுவரை தேமே என்று கிடந்த துருவ ஒளியின் பச்சை வில் பற்றிக்கொண்டு துருவத்தை நோக்கிப் பரவும். இங்கே கோடு மளமளவென்று பள்ளத்தில் இறங்கும். அதுதான் துணைப்புயல். எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது என்று குறிப்பது என் வேலை. பற்றிக்கொள்வது போல் பாவலா காட்டிவிட்டு அணைந்துபோவதும் உண்டு. அதற்குப் பொய்த் தொடக்கம் என்று பெயர், பட்டியலில் ஏறாது. போன வருஷம் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு துணைப்புயல்கள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை.

ஆனால் மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கும் அந்தப் பதிவுக் கருவிக்கு ஒரு குறை. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று சொல்லும். எதிலிருந்து என்று சொல்லத் தெரியாது. அந்த ஆரம்ப எண்ணைத்தான் பேஸ்லைன் என்கிறோம். அதை வாரத்துக்கு ஒருமுறை மனிதன்தான் போய் அளந்து வர வேண்டும். அதற்கென்று அலுவலகத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மரக் குடில் இருக்கிறது. அதில் ஒரு பொட்டு இரும்பு கிடையாது, ஆணிகூடச் செம்பு. உள்ளே கல் தூணின் மேல் ஒரு தொலைநோக்கி, அதன் முதுகில் விரல் அளவு உணர்கருவி. அளப்பவர் கண்ணை வைத்துப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்வார். நான் நான்கு மீட்டர் தள்ளி ஜன்னலோரம் நின்று அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, அவர் ‘ம்’ என்ற பிறகு எழுதுவேன். புதன்கிழமை பத்து மணி. இருபத்துநாலு வருஷமாக இதே கதை.

அளப்பவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். வேலையில் எனக்கு மூத்தவர், வயதில் ஆறு வருஷம் பெரியவர். எங்கள் கல்யாணமே இந்த நிலையத்தில் அவர் என்னைப் பார்த்து, ‘இவன் வாய் ஓயாது, ஆனா கை சுத்தம்’ என்று வீட்டில் சொன்னதால் நடந்தது. அவர் மனைவி இறந்த பிறகு தனியாள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு, சாப்பாடு எங்கள் வீட்டில். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்.

இரும்பு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடிலுக்குப் போகும் முன் என்னை நிற்கவைத்துத் திருடனைச் சோதிப்பது போல் சோதிப்பார். சாவி, பெல்ட், கைக்கடிகாரம், போன் எல்லாம் வெளிப்பெட்டியில் போக வேண்டும். கால்சட்டைக்கு நாடா, சட்டைக்குப் பிளாஸ்டிக் பொத்தான். ஒருதடவை என் நோட்டுப்புத்தகத்தில் ஒரே ஒரு ஸ்டேப்ளர் பின் இருந்ததற்காக, கொட்டுகிற பனியில் என்னை அலுவலகம் வரை திருப்பி அனுப்பினார். போகும்போது முதுகுக்குப் பின்னால் சிரிப்பு வேறு.

மெயிலை அச்சடித்து அவர் மேஜையில் வைத்தேன்.

“சல்லடையா?” என்றார். படித்தார். வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அன்று காகிதத்தை இரண்டாக மடித்து டிராயரில் போட்டார். “விடு மாப்ள, நான் பாக்குறேன்.”

“பத்து நாள்தான் குடுத்திருக்கார் மச்சான்.”

“நான் பாக்குறேன்னு சொன்னேன்ல.”

பார்ப்பார் என்று இரண்டு நாள் விட்டேன். பார்க்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கருவியைப் புதைத்த குழிக்குள் தண்ணீர் இறங்கி, அந்த வருஷத் தரவு ஏற்கனவே தள்ளுபடி. அடுத்தடுத்து இரண்டு வருஷம் போனால் நிலையத்தில் ஆள் வைக்க மாட்டார்கள். ஒரு தானியங்கிப் பெட்டியை நட்டுவிட்டுப் போவார்கள் என்று தலைமையகத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் ‘உறுதி செய்யப்படாதவை’ என்ற முத்திரையோடு ஒரு மூலையில் கிடக்கும். யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

நானே தேட ஆரம்பித்தேன். ஏப்ரலில் குடிலுக்குப் பக்கத்தில் யாராவது எதையாவது போட்டார்களா என்று பார்த்தேன். வேலியைப் பார்த்தேன். தூண் சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் வைத்தேன். பனிக்குள் முட்டி போட்டுக் குடிலைச் சுற்றி வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல், ஐம்பத்திரண்டு வாரத்தின் பேஸ்லைனையும் கையால் ஒரு கட்டத்தாளில் புள்ளி வைத்தேன். பதினாறாம் வாரம் வரை சீராகப் போனது. பதினேழாம் வாரம் ஆறு நானோடெஸ்லா மேலே ஏறியது. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. ஆறு என்றால், சட்டை ஊசி ஒன்றைக் கிட்டே கொண்டுபோனால் வருகிற அளவு, அவ்வளவுதான். ஆனால் ஐந்துக்கு மேல் போனால் ஏற்க மாட்டார்கள். ஏறினது ஏறினபடியே போனது. நவம்பரில் மட்டும் மூன்று புள்ளி, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழாம் வாரங்கள், பழைய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அதற்கப்புறம் மறுபடி மேலே.

தூண் சாய்ந்திருந்தால் மூன்று வாரத்துக்கு மட்டும் நிமிர்ந்துகொள்ளாது. வேலி அப்படி லீவில் போகாது. வந்துபோகிற பொருள் என்றால் அது ஆளோடு வந்துபோகிற பொருள். அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டேன்.

“நானும் உன் அண்ணனும் பேசாம இருந்தோமே, அது எந்தத் தேதி?”

அவள் கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தேதி அவளுக்கு எப்போதும் கைவசம். “நவம்பர் நாலுல இருந்து இருபத்துமூணு. பத்தொம்பது நாள் ரெண்டு பேருக்கும் தனித்தனியா சாப்பாடு போட்டேன். மறப்பேனா?”

சண்டை ஒரு துணைப்புயலுக்காக. சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாம் தேதி இரவு ஒன்பது பதினாலுக்கு ஒரு வில் பற்றியிருந்தது. துருவப் பக்கத்து வானம் முழுக்க மேகம். பரவியதா, அணைந்ததா என்று படத்தில் தெரியவில்லை. கோடு நூற்றெண்பது இறங்கி ஏறியிருந்தது. மேகத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது, அது துணைப்புயல்தான் என்று நான் சொன்னேன். பொய்த் தொடக்கம் என்றார் மச்சான். பேச்சு தடித்து, ‘இருபத்துநாலு வருஷம் பார்த்தும் உனக்குக் கண்ணு வரலையே’ என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு பேச்சு நின்றது. புதன்கிழமை குடிலில்கூட அவர் எண்ணைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லாமல் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தூக்கிக் காட்டுவேன். அவர் தலையை ஆட்டுவார். மூன்று புதன்கிழமை அப்படி ஊமை நாடகம் நடந்தது. கடைசியில் நான்தான் தாங்க முடியாமல், இருபத்துமூன்றாம் தேதி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘நீங்க சொன்னதுதான் சரி மச்சான், அது பொய்த் தொடக்கம்தான்’ என்றேன். பட்டியலிலிருந்தும் அடித்துவிட்டேன்.

“எதுக்கு இப்ப அந்தக் கதை?” என்றாள் மனைவி.

“நாங்க பேசாத நாள்ல உன் அண்ணன் ஏதோ ஒண்ணைப் போட்டுக்காம வந்திருக்கார். பேசற நாள்ல போட்டுக்கிட்டு வந்திருக்கார். என்னன்னுதான் தெரியல.”

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “மாசம் ஒரு அட்டை பேட்டரி வாங்கறார். சின்னது. காது மெஷினுக்குப் போடறது.”

“உனக்குத் தெரியுமா?”

“ஏப்ரல்லயே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சொன்னார்.”

“நான் உன் புருஷன்டி.”

“அவர் எனக்கு அண்ணன்,” என்றாள்.

அன்று படுக்கையில் புரண்டபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு வருஷமாக என்னை எதிரே உட்காரச் சொன்னது, டிவியில் எழுத்து வரவைத்தது, நான் முதுகுப்புறம் நின்று பேசினால் எரிச்சல்பட்டது. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. வானத்தில் எங்கோ நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெளிச்சம் ஒரு நிமிஷம் முன்னால் பற்றியதா பின்னால் பற்றியதா என்று பார்க்கத் தெரிந்த எனக்கு, தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷருக்குக் காது போனது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்து கோட்டைக் கழற்றி மாட்டும் வரை பொறுத்தேன்.

“மச்சான், வலது காதா, இடது காதா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டின் தோளை ஒருமுறை சரிசெய்தார். “வலது. இடதுல மெஷின் போட்டும் பிரயோஜனமில்ல,” என்றார். பிறகு காதுக்குள்ளிருந்து அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருந்தது. உள்ளே ஒரு துளி காந்தமும், இரும்புத் தகட்டுக்குள் அடைத்த ஒரு பேட்டரியும். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் வலது காது உணர்கருவியிலிருந்து ஒரு சாண் தூரம்.

“ஒரு ஸ்டேப்ளர் பின்னுக்கு என்னைப் பனியில துரத்தினீங்களே,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, மெஷின் மேஜையில் கிடக்கிறது, அவருக்குக் கேட்டிருக்காது.

கேட்டதோ இல்லையோ, புரிந்திருந்தது. “காது போச்சுன்னு தெரிஞ்சா குடிலுக்குள்ள விடமாட்டாங்க மாப்ள. போன வருஷம் மெடிக்கல்ல டாக்டர் வாயைப் பாத்துப் பாத்துச் சமாளிச்சேன். மறைச்சேன்னு வேற தெரிஞ்சா விசாரணை வெச்சுத் தலைமையகத்துக்குத் தூக்கிடுவாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்த வயசுல அங்க போய் ஒரு ரூம்ல நான் யார் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?”

நான் மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார்.

“நான் எழுதிடறேன்,” என்றேன். “சாவிக்கொத்தைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நின்னேன், மறந்துட்டேன்னு.”

“எட்டு மாசமா மறந்தியா? நாலு மீட்டர் தள்ளி நின்னு ஆறு நானோடெஸ்லா காட்டணும்னா நீ சாவி இல்ல, அடுப்பையே பாக்கெட்ல வெச்சிருக்கணும். சல்லடை மூணு வரியில உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவார்.” மாட்டிய கோட்டை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். “வா, அளந்துடலாம்.”

அன்றே குடிலுக்குப் போனோம். மெஷினோடு நான்கு முறை, மெஷின் இல்லாமல் நான்கு முறை. இல்லாதபோது நான் தாளில் எழுதித் தூக்கிக் காட்டினேன். குளிரில் அவர் மூச்சு தொலைநோக்கிக் கண்ணாடியில் படிந்தது. துடைத்துத் துடைத்து அளந்தார். அவர் கை மாதிரி ஒரு கை எனக்கு வராது. எட்டு அளவும் நூல் பிடித்தது போல் நின்றன. வித்தியாசம் ஆறு புள்ளி ஒன்று, நான்கு முறையும். அதை மட்டும் கழித்துவிட்டால் வருஷம் முழுக்கச் சரியாகிவிடும். இருநூற்றுப் பன்னிரண்டும் பிழைத்துவிடும்.

“நவம்பர் மூணு வாரமும் இதையேதான் சொல்லுது,” என்றேன். “நல்லவேளை, சண்டை போட்டோம்.”

அவர் தொலைநோக்கிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். உறையின் நாடாவைக் கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சண்டை தானாத்தான் வந்துச்சு மாப்ள. ஆனா முடிக்காம வெச்சிருந்தது நான்.”

எனக்குப் புரியவில்லை.

“கடலைப் பருப்பு அளவு என்ன செஞ்சிடும்னுதான் ஏப்ரல்ல போட்டேன். ஜூன்லயே கோடு போட்டுப் பாத்துட்டேன், ஆறு ஏறியிருக்குன்னு. கழட்டினா நீ திருப்பிச் சொல்றது கேக்காது. எந்த வாரம் எதைத் தப்பா ‘ம்’னு சொன்னேன்னே தெரியாமப் போயிடும். போட்டா எல்லா வாரமும் ஒரே தப்பு. ஒரே தப்புன்னா என்னிக்காவது கழிச்சுக்கலாம். ஆனா கழிக்கறதுக்கு நடுவுல நாலு நல்ல புள்ளி வேணும். எப்படி எடுக்கறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நீ கோவிச்சுக்கிட்டுத் தாள்ல எழுதிக் காட்ட ஆரம்பிச்ச. முதல் புதன்கிழமை நீ தாளைத் தூக்கினதும், மூக்கு சிந்தற சாக்குல வெளிய போய் மெஷினைக் கழட்டிப் பெட்டில போட்டுட்டு வந்து, முதல்ல இருந்து அளந்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு வாரம் வேணும்னு தோணுச்சு.”

“அப்ப அந்த ஒன்பது பதினாலு?”

“துணைப்புயல்தான். மேகத்து ஓரத்துல வெளிச்சம், மறுநாள் திரும்பப் பாத்தப்ப எனக்கும் தெரிஞ்சுது.”

அந்தப் பத்தொன்பது நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்துநாலு வருஷமாக ஒன்றும் தெரியாமலே உட்கார்ந்திருக்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. பாத்திரத்தோடு போய் நின்றபோது, ‘சரி சரி, உள்ள வா’ என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தார். அப்போதும் தெரிந்தேதான் மன்னித்திருக்கிறார். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அதே நேரம், அந்த மூன்று புதன்கிழமையும் காதில் ஒன்றும் கேட்காமல், என்னையும் கோபமாக வைத்துக்கொண்டு, தனியாக நின்று எனக்கும் சேர்த்து மூன்று நல்ல புள்ளியை எடுத்த மனுஷரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

“சொல்லியிருக்கலாமே மச்சான். தாள்ல எழுதிக் காட்டுன்னா காட்டியிருப்பேனே.”

“ஏன்னு கேப்ப. கேட்டா சொல்லிடுவேன். சொன்னா உன்னையும் மாட்டிவிட்ட மாதிரி.” கதவைத் திறந்தார். “நட, குளிருது.”

திங்கட்கிழமை விளக்கக் கடிதம் எழுதினோம். அவர் சொல்ல, நான் தட்டினேன். முதல் பக்கம் கடிதம், இரண்டாம் பக்கம் அளவுகளின் அட்டவணை, அதன் கீழே கையெழுத்து. முதல் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் என் விரல் நின்றுவிட்டது. ‘அளவீட்டாளர் ஜூன் மாதம் முதல் தெரிந்தே கேட்கும் கருவியை அணிந்து அளந்தார்.’

“‘தெரிந்தே’ வேண்டாம் மச்சான். தெரியாமப் போட்டேன்னா குடில் வேலையை மட்டும்தான் எடுப்பாங்க. இங்கயே படம் பாத்துக்கிட்டு இருக்கலாம். தெரிஞ்சேன்னா விசாரணைதான்.”

“தெரியாமப் போட்டவன் மூணு வாரம் எதுக்குக் கழட்டினான்? அந்தப் புள்ளியை எவன் நம்புவான்?”

“எட்டு அளவு எடுத்திருக்கோம், அதுவே போதும்.”

“போதுமா இல்லையான்னு பாக்கறது சல்லடை வேலை. நடந்ததை எழுதறது நம்ம வேலை. அடி.”

அடித்தேன். அவர் படித்தார், இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், ஸ்கேன் செய்து அனுப்பும்படி என்னிடம் கொடுத்துவிட்டு டீ போடப் போனார். அடுத்த அறையில் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது. மெஷின் இருந்தும் அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்காது, ஆவியைப் பார்த்துத்தான் அணைப்பார். எனக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

முதல் பக்கத்தைத் திரையில் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தேன். ‘ஜூன் மாதம் முதல்’ என்பதை ‘ஏப்ரல் மாதம் முதல்’ என்று மாற்றினேன். நவம்பர் மூன்று வாரத்துக்கு, ‘கருவி பழுதாகி அணியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். அச்சடித்து, அவர் கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கத்தின் மேல் வைத்து, ஸ்கேன் செய்து அனுப்பினேன். பழைய முதல் பக்கத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் அரை நானோடெஸ்லா தள்ளிப் போட்டதில்லை. அசதியாக மட்டும் இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, திருத்தத்தோடு அந்த ஆண்டு இறுதியாக்கப்படுகிறது. அளவீட்டாளர் குடில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஓய்வு வரை அதே நிலையத்தில் படங்களை வகைப்படுத்தும் பணியில் தொடரலாம்.

மச்சான் அதை மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா மாப்ள? தெரிஞ்சேதான் பண்ணேன்னு எழுதியும் ஒரு வார்த்தை கடுமையா சொல்லல. நம்மதான் அவருக்குச் சல்லடை, கில்லடைன்னு பேர் வெச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். பெரிய மனுஷன்யா.”

“ஆமா மச்சான்,” என்றேன்.

அன்று வீட்டில் எல்லாருக்கும் பசித்தது. என் மனைவி அண்ணனைக் கேலி செய்தாள், அவர் திருப்பிக் கேலி செய்தார், மெஷினை வெளிப்படையாக எடுத்துப் பேட்டரி மாற்றினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அவர் என் மேஜையில் ஒரு தாளை வைக்கும் வரை இருந்தது.

சல்லடைக்கு நன்றிக் கடிதம். கையாலேயே எழுதியிருந்தார், முத்து முத்தாக. ‘நான் தெரிந்தே செய்த தவறைத் தாங்கள் பொறுத்துக்கொண்ட பெருந்தன்மையை மறக்க மாட்டேன்’ என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. நிலையத்தின் தபாலும் மெயிலும் என் மேஜை வழியாகத்தான் போகும்.

“இன்னிக்கே அனுப்பிடு. தள்ளிப் போட்டா மரியாதையா இருக்காது.”

சாயங்காலம், “அனுப்பிட்டியா?” என்று கேட்டார்.

“அனுப்பிட்டேன் மச்சான்.”

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. இப்போது குடிலில் நான் தனியாக அளக்கிறேன், அவர் என் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிறார். ஒன்பது பதினாலைப் பட்டியலில் அவரே மறுபடி ஏற்றினார், இருநூற்றுப் பதின்மூன்று. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் என் பக்கம் பார்ப்பார்.

“பதில் ஏதாச்சும் வந்துச்சா மாப்ள?”

“இல்ல மச்சான்.”

“வேலை இருக்கும் அவருக்கு. வரலைன்னாலும் பரவால்ல. அந்த மனுஷன் எல்லாம் தெரிஞ்சும் என்னை மன்னிச்சாரே, அதுவே போதும்.”

அவரை மன்னித்தவர் யாரும் இல்லை. மன்னிக்க வேண்டிய விஷயம் என் சட்டைப்பையைத் தாண்டிப் போகவே இல்லை. இதை அவரிடம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. இன்னும் பதின்மூன்று மாதம் தினம் காலையில் ‘இல்ல மச்சான்’ என்று சொல்லும் தெம்பும் இல்லை.